டன்மோருக்கும் இதுவே

1

இந்தக் கதை எனக்கு வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. கார் நம்பர் பலகையைப் புதுப்பிக்க டன்மோர் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். (கவுண்டி என்றால் அமெரிக்காவில் மாவட்டம் மாதிரி. நிலப் பத்திரம், கல்யாணப் பதிவு, கார், கொலை வழக்கு எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரே கட்டடம்தான்.) என் முறை வந்தபோது கவுண்டி எழுத்தர் மார்ஜீன் கோலர் ஒரு விண்ணப்பத்தில் ஒரு வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். தலைகீழாகப் படித்தேன்: "உலகில் இதுபோல் வேறு கட்டடம் இல்லை."

அவ்வளவுதான் நான் பார்த்தது. மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

2

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "1889-இல் கான்சஸ் சமவெளியில் சிவப்புக் கல்லில் எழுந்த அந்த மணிக்கூண்டு—"

சுற்றுலாக் கையேடு.

இரண்டாவது: "அன்றும் காற்று—"

கான்சஸில் எல்லாக் கதைகளிலும் காற்று வீசிவிட்டது.

மூன்றாவது, வேறு வழியில்லாமல் நேராக: கட்டடத்தை இடிப்பதா என்று திங்கட்கிழமை கவுண்டியை நடத்தும் மூன்று ஆணையர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஒருவர் இடிக்கலாம் என்கிறார், ஒருவர் கூடாது என்கிறார். மூன்றாமவர் டெல்பர்ட் ஷ்ரைனர், மார்ஜீனின் பள்ளித் தோழர். உலகத்திலேயே ஒன்றே ஒன்று என்று நிரூபித்தால் காப்பாற்றுவேன், இல்லாவிட்டால் அலுவலகத்துக்குத் தகரக் கொட்டகையே போதும் என்று சொல்லிவிட்டார். முப்பத்தாறு வருடமாக அந்தக் கட்டடத்துக்குள் வாழ்ந்தவர் மார்ஜீன். தகரக் கொட்டகையில் அவரை என்னால் உட்கார வைத்துப் பார்க்க முடியவில்லை.

3

கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கக் கோரும் மார்ஜீனின் விண்ணப்பத்தோடு மூல வரைபடம் வேண்டும். டன்மோரிலிருந்தது வெள்ளத்தில் போயிற்று. அதே கட்டடக்காரர் பெல்டன் கவுண்டியிலும் வேலை செய்திருக்கிறார், அங்கே கேளுங்கள் என்றது மாநில அலுவலகம்.

பெல்டன் இருபத்தெட்டு மைல். ரயில் பாதை யாருக்கு என்று இரண்டு ஊருக்கும் அன்று தொடங்கிய பகை, இன்று கூடைப்பந்தில் நடக்கிறது. அறுபத்தோரு வயதுவரை மார்ஜீன் அந்த நீதிமன்றத்துக்குள் கால் வைத்ததில்லை. ஒரு மதிய இடைவேளையில் கிளம்பினார். வழியெல்லாம் காப்பி குடித்ததால் உள்ளே போனதும் முதலில் கழிப்பறைக்குப் போனார்.

படிக்கட்டுக்குப் பின்னால், இடதுபுறம், இரண்டு படி இறங்கி, உப்பிய கதவைத் தோளால் இடித்து, விளக்குப் பொத்தானை வெளிப்புறச் சுவரில் தடவி அழுத்தினார். விளக்கு எரிந்தது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. யாரிடமும் வழி கேட்கவில்லை.

வெளியே பெல்டன் எழுத்தர் நடீன் வாஸ் காத்திருந்தார்.

"வழி கேக்காம அந்தக் கதவக் கண்டுபிடிச்ச முதல் வெளியூர் ஆளு நீதாம்மா. டன்மோரா?"

மார்ஜீன் தலையாட்டினார்.*

* அந்நாளில் ஒரே வரைபடத்தை இரண்டு மூன்று கவுண்டிகளுக்கு விற்ற கட்டடக்காரர்கள் உண்டு. எனக்கு இது பிடித்திருக்கிறது. மார்ஜீனுக்குப் பிடிக்கவில்லை.

4

நடீனைப் பற்றி எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவர் வரைபடத்தைத் தர மறுத்தார். கதை அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே நல்லவராக்கினேன். முழுக்க அல்ல. வரைபடத்தை விரித்து, மூலையில் கட்டடக்காரர் பென்சிலில் எழுதியதை அவரே விரல் வைத்துக் காட்டினார்: "டன்மோருக்கும் இதுவே போதும்."

"எடுத்துட்டுப் போ. எங்க விண்ணப்பத்துலயும் உலகத்துலயே ஒண்ணுதான்னு எழுதிருக்கோம். போன வருஷமே குடுத்தாச்சு."

5

ஒரு முடிவு: பென்சில் எழுத்து தெரியாதபடி மார்ஜீன் மூலையை மடித்து நகலெடுக்கிறார். எழுதிப் பார்த்தேன். "மார்ஜீன் மூலையை மடி—" முப்பத்தாறு வருடம் ஊரார் கையெழுத்துக்கெல்லாம் சாட்சி போட்டவர். மடிக்க மாட்டேன் என்கிறார்.

ஆகவே திங்கட்கிழமை வரைபடம் முழுதாக மேசைமேல் விரிகிறது. மற்ற இருவரும் ஓட்டுப் போட்டாயிற்று, ஒன்றுக்கு ஒன்று. டெல்பர்ட் கண்ணாடி மாட்டிக்கொண்டு பென்சில் எழுத்தை இரண்டு முறை படிக்கிறார். காது சிவக்கிறது.

"அப்ப நம்மளுது விசேஷம் ஒண்ணுமில்ல. ரெண்டு இருக்கு."

"இப்ப ரெண்டு" என்கிறார் மார்ஜீன். "நீ இடிச்சா ஒண்ணு. அது பெல்டன்ல இருக்கும்."

(இதை அவராகச் சொன்னாரா, நான் சொல்ல வைத்தேனா என்று கேட்காதீர்கள். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை.)

காப்பாற்றுவதானால் கை தூக்கலாம் என்று டெல்பர்ட்டிடம் சொல்கிறார் ஆணையர்களின் தலைவர். டெல்பர்ட்டின் கை மேசையில் கிடக்கிறது, வரைபடத்திலுள்ள பெல்டன் என்ற பெயருக்குப் பக்கத்தில். நான்கு நாளாக அதை அங்கேயே வைத்திருக்கிறேன். எனக்குத் தூக்க ஆசைதான். ஆனால் காரணம் கட்டடம்மீதுள்ள அன்பா, பக்கத்து ஊர்மீதுள்ள வயிற்றெரிச்சலா என்று முடிவு செய்யாமல் தூக்கக் கூச்சமாக இருக்கிறது. மார்ஜீன் அதையெல்லாம் பார்ப்பதாகத் தெரியவில்லை. கையை மட்டும் பார்க்கிறார்.

நீங்களும் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள். நீங்களே அந்தக் கையைத் தூக்கிவிடுங்களேன்.