பொரிக்கு ஒரு பெட்டி

வெற்றிவேலிடமிருந்து போன் வந்தபோது கலைப்பிரியா லேபில் ரத்த சாம்பிள்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். திண்டிவனத்து வீட்டைவிட்டு அவள் விழுப்புரத்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் அவன் அழைத்ததெல்லாம் விவாகரத்துக் கேஸில் வக்கீல் சொல்லச் சொன்ன சமாச்சாரங்களுக்குத்தான். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்தாள்.

“பொரி முழுகாம இருக்கா” என்றான்.

ஒரு நாயைப் பற்றி அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு எங்கோ குத்தியது.

“தெரு நாய் ஒண்ணு காம்பவுண்டு ஏறிக் குதிச்சிருக்கு. நாங்க கவனிக்கல. இப்ப வயிறு நல்லாத் தெரியுது. டாக்டரு குட்டி போடுறதுக்கு ஒரு பெட்டி ரெடி பண்ணிக்கச் சொல்றாரு. எனக்கு இன்னா தெரியும் அதப்பத்தி? நீதான் வளத்தவ. ஒரு நாள் வந்து பாத்துச் சொன்னா நல்லாருக்கும்.”

பொரி ஒரு லாப்ரடார். கையகலக் குட்டியாக வந்தபோது பொரி உருண்டை மாதிரி வெளுப்பாக இருந்ததால் கலைப்பிரியாதான் அந்தப் பெயரை வைத்தாள். ஐந்தாம் மாதத்தில் குழந்தை போன பிறகு, வீட்டில் அவள் யாரோடும் பேசாமல் கிடந்த நாட்களில் வெற்றிவேல் வாங்கி வந்து மடியில் போட்ட குட்டி அது. அவன் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று இன்றைக்கும் அவள் நினைப்பாள். வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று அவனுக்காக அவள் அழவில்லை. வாடகைக்குப் பார்த்த ஒற்றை அறையில் நாய் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே என்றுதான் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனாள்.

பொரியால் முன்போல மேலே தாவ முடியவில்லை. தொங்கும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, தலையை அவள் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு முனகியது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியார் கோவிந்தம்மாள், “வா கலை, நல்லாருக்கியா” என்று கேட்டுவிட்டு, “இந்த வாயில்லா ஜீவனுக்காவது எல்லாம் நல்லபடியா ஆவணும்” என்றாள். வேண்டுமென்று சொன்னாளா, வாயில் வந்துவிட்டதா என்று சொல்வதற்கில்லை. கோவிந்தம்மாளின் பேச்சு எப்போதுமே அப்படித்தான்.

வெற்றிவேல் தனக்குத் தெரிந்த வகையில் சிலதைக் கொண்டுவந்து போட்டிருந்தான். பக்கத்துக் கடையில் வாங்கிய பிரிட்ஜ் அட்டைப்பெட்டி. குழந்தைகளைக் குளிப்பாட்டும் பெரிய நீலத் தொட்டி. அட்டை நனைந்தால் ஊறிக் கிழிந்துவிடும், பிளாஸ்டிக் தொட்டியில் கால் வழுக்கும், பொரியால் அதில் காலை நீட்டிப் படுக்கவும் முடியாது என்று அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அவன் போன் செய்த நாளிலிருந்து இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தாள். பிளைவுட்டில்தான் செய்ய வேண்டும் என்று முடிவாகச் சொன்னாள்.

இருவரும் அவன் வண்டியிலேயே தச்சுப்பட்டறைக்குப் போனார்கள். நடுவில் கைப்பையை வைத்துக்கொண்டு அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். அவனை என்ன சொல்லி அழைப்பது என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை. முன்பு ‘என்னங்க’ என்பாள். அதற்குப் பதிலாக ஒரு சொல் இன்னும் கிடைக்காததால், வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் “ரைட்டு” என்று மட்டும் சொன்னாள்.

பட்டறைக்காரர் விருத்தாசலம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். “முன்பக்கம் ஒசரம் எவ்ளோ வெக்கலாம்மா?”

“தாய் காலைத் தூக்கி வெளியில வரணும், குட்டி வரக் கூடாது. அந்த அளவு. அப்புறம் உள்ள சுத்திலும் ஒரு சட்டம் அடிக்கணும். பலகைய விட்டு அஞ்சு விரல் தள்ளி.”

“அது எதுக்கு?”

“தாய் சாஞ்சு படுக்கும்போது அது முதுகுக்கும் பலகைக்கும் நடுவுல குட்டி மாட்டிக்கும். அதுக்கே தெரியாம நசுக்கிடும். சட்டம் இருந்தா குட்டி அடியில பூந்துக்கும்.”

வெற்றிவேல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விருத்தாசலத்திடம், “ஆணி வேணாம், ஸ்குரூ போடுங்க. கழட்டி மாட்டற மாதிரி இருக்கட்டும்” என்றான். கழுவிக் காயவைக்க வசதிதான் என்று அவளுக்கும் அது சரியாகப் பட்டது.

திரும்பும் வழியில் டீ வாங்கித் தந்தான். அவள் தங்கியிருக்கும் இடம் எப்படி, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, வெளியே கொஞ்சம் இடம் இருக்கிறதா, வீட்டுக்காரம்மா நல்ல மாதிரியா என்றெல்லாம் விசாரித்தான். ஒன்றரை வருஷத்தில் அவன் கேட்காத கேள்விகள். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ரயிலில் திரும்பும்போது முண்டியம்பாக்கம் ஸ்டேஷன் தாண்டுகையில் வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் அவளுக்குக் குழந்தை போனது. அன்று பௌர்ணமி. வெற்றிவேல் அம்மாவை அழைத்துக்கொண்டு திருவக்கரை அம்மன் கோயிலுக்கு ஜோதி பார்க்கப் போயிருந்தான், பிறக்கப்போகும் குழந்தைக்காக வேண்டிக்கொள்ள. போனைக் காரில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான். அவள் ஆம்புலன்ஸில் தனியாகப் போனாள். எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றவன், “உனக்காகத்தானே போனேன்” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை, அன்றைக்கும் சரி பிறகும் சரி, அவன் வாயிலிருந்து வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தோடுதான் அவளால் குடும்பம் நடத்த முடியாமல் போனது.

இந்த முறை முண்டியம்பாக்கத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் வாங்கித் தந்த டீயையும், கேட்ட கேள்விகளையும் நினைத்துக்கொண்டு வந்தாள். வெட்கமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை விருத்தாசலம் போன் செய்தார்.

“பெட்டி முடியப் போவுதும்மா. உங்க விழுப்புரம் வீட்டு வாசப்படி அகலம் எவ்ளோன்னு அளந்து சொல்றீங்களா?”

“விழுப்புரம் வீடா? எதுக்கு?”

“சாரு அங்கதான எறக்கச் சொன்னாரு. பெட்டி, நாயி எல்லாம் ஒரே வண்டில ஏத்தி அனுப்பிடலாம்னாரு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

அவள் லேபின் பின்பக்கம் போய் நின்று வெற்றிவேலை அழைத்தாள். அவன் மறைக்கவில்லை. தானாகவே சொல்ல இருந்ததாகச் சொன்னான்.

“எனக்கு ஒரு எடம் பாத்துக்கினு இருக்காங்க கலை. பவானின்னு பேரு, மரக்காணம் பக்கம். கேஸ் முடிஞ்சதும் வெச்சிக்கலாம்னு பேச்சு. அந்தப் பொண்ணுக்கு நாய் முடி ஆவாது, வீசிங் வரும். அம்மாவாலயும் இத்தினி குட்டிங்கள வெச்சிக்கினு பாக்க முடியாது.”

“அதுக்காகத்தான் என்னைக் கூப்டீங்களா?”

“நீ வந்து பாத்தா ஒனக்கே மனசு வரும்னு நெனச்சேன். பொரின்னா ஒனக்கு உசுராச்சே. ஒனக்காகத்தான் சொல்றேன். நீயும் தனியா இருக்க.”

தண்ணீர் வருகிறதா, வெளியே இடம் இருக்கிறதா என்று அவன் கேட்டது எதற்கென்று இப்போது விளங்கியது. அவனிடம் கோபப்படுவதைவிட, ரயிலில் தான் நினைத்துக்கொண்டு வந்ததற்குத்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

“என்னால முடியாது. உங்க நாய், நீங்களே பாத்துக்கோங்க” என்றாள்.

“சரி, நான் வேற பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டான்.

மறுபடி அழைப்பான் என்று காத்திருந்தாள். கெஞ்சட்டும், நான் செய்தது தப்பு என்று ஒரே ஒரு தடவை சொல்லட்டும், உடனே சரி என்று சொல்லிவிடலாம் என்று இருந்தாள். நாட்கள் போயின. போன் வரவில்லை. நாயை நடுவில் வைத்துக்கொண்டு யாரிடம் வீம்பு பிடிக்கிறோம் என்று ஒரு நாள் காலையில் தோன்றியது. வீட்டுக்காரி பூமாலையிடம் போய்க் கேட்டாள். பூமாலை முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு, “மாடிப்படிக்குக் கீழ வெச்சிக்க. உள்ள வரக் கூடாது. கொலைச்சு தூக்கம் கெட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்” என்றாள். கலைப்பிரியா அங்கிருந்த பழைய சாமான்களை ஒதுக்கி, இடத்தைக் கழுவிவிட்டு வெற்றிவேலுக்குப் போன் செய்தாள்.

“அனுப்புங்க” என்றாள்.

“நீ முடியாதுன்னுட்டியே. குடுத்துட்டேன்” என்றான் அவன். “பனமலைல நம்ம கஸ்டமரு சீனுவாசன்னு. கொல்லை காவலுக்கு நாய் வேணும்னாரு. நல்ல மனுசங்க.”

“குட்டி போடுற நேரத்துலயா அனுப்புனீங்க? பெட்டி?”

“வண்டில எடம் இல்ல. பட்டறையிலயே கெடக்குது.”

அடுத்த நாள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு விருத்தாசலத்தின் பட்டறைக்குப் போனாள். பெட்டி அவள் சொன்ன மாதிரியே வந்திருந்தது. ஓரம் எல்லாம் கையில் சிராய் ஏறாமல் இழைத்திருந்தார். கழற்றிப் பலகைகளாகக் கட்டி ஒரு குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் அவளும் ஏறிக்கொண்டாள். நாயையும், குட்டி போட்டிருந்தால் அவற்றையும், அதே வண்டியில் மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடுவது என்று வழியெல்லாம் திட்டம்.

சீனுவாசனின் நிலம் ஏரியை ஒட்டி இருந்தது. அவர் மனைவி ருக்கு மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். குட்டி போடுவதற்குப் பெட்டி கொண்டுவந்திருப்பதாகக் கேட்டதும், “முந்தாநேத்தே போட்டுடுச்சே. வாங்க, மோட்டார் கொட்டாய்ல கீது” என்று அழைத்துப் போனாள்.

கொட்டாய்க்குள் சுவரோரமாகச் சாக்கு விரித்துப் பொரி படுத்திருந்தது. கழுத்துச் சங்கிலியைப் பைப்பில் கட்டியிருந்தார்கள். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டிகள் பால் குடித்தன. கறுப்பும் பழுப்புமாக இருந்தன, ஒன்றுகூடத் தாயின் நிறத்தில் இல்லை.

“ஏழு போட்டுச்சு. அஞ்சு நிக்கிது” என்றாள் ருக்கு. “ரெண்டு செவுத்தோரம் மாட்டிக்கினு செத்துப்போச்சு. அது மேலயே படுத்துக்கினு கீது, அதுக்குத் தெரியல பாவம். காலைல அவருதான் பாத்து எடுத்துக்கினு போயி ஏரிக்கரைல பொதைச்சாரு.”

கலைப்பிரியா கொட்டாயின் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “பொரி” என்று கூப்பிட்டு ஓரடி உள்ளே வைத்தாள்.

நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. வால் ஒரு முறை தரையில் தட்டியது. அவள் குனிந்து கையை நீட்டியதும் உதடு மேலேற, தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“ஏய் வெள்ளச்சி, சும்மா இரு” என்று ருக்கு அதட்டினாள். உறுமல் நின்றது. “பெத்த பச்சை ஒடம்புல்ல, யாரயும் கிட்ட சேக்காது. நான் கஞ்சி ஊத்துறதால என்ன மட்டும் விடுது. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க.”

ஸ்குரூவை முடுக்கிப் பெட்டியை மாட்ட கலைப்பிரியாவுக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. ருக்குதான் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே விட்டாள். பொரி எழுந்து, சங்கிலி உரச, பெட்டிக்குள் காலை வைத்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது. ஒரு குட்டி பின்வாங்கிச் சட்டத்துக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

“அட, இதுக்குத்தானா” என்றாள் ருக்கு. சற்று நின்று, சந்தேகத்தோடு கேட்டாள். “அத கூட்டிக்கினு போவ வந்தீங்களா?”

கலைப்பிரியா மாடிப்படிக்குக் கீழே கழுவிவிட்ட இடத்தை நினைத்தாள். பூமாலையின் முகத்தை நினைத்தாள். இந்தப் பெண்ணின் குரலுக்கு உறுமலை நிறுத்திய நாயைப் பார்த்தாள்.

“இல்லைங்க. பெட்டிய குடுத்துட்டுப் போவலாம்னுதான் வந்தேன்.”

ருக்கு முகம் தெளிந்துபோய், வேகவைத்த மல்லாட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். வண்டியில் அதை மடியில் வைத்திருந்தவள், விழுப்புரத்தில் இறங்கும்போது டிரைவரிடமே கொடுத்துவிட்டாள்.

அடுத்த மாதம் கோர்ட்டில் கடைசி வாய்தா. நீதிபதி கேட்ட கேள்விகளுக்கு இருவரும் ஆமாம், இல்லை என்று பதில் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டு முடித்து வராந்தாவில் வக்கீலுக்காகக் காத்திருக்கும்போது வெற்றிவேல் பக்கத்தில் வந்து நின்றான். முடி வெட்டியிருந்தான். இளைத்த மாதிரியும் இருந்தான்.

“பனமலை போயிருந்தியாமே. விருத்தாசலம் சொன்னாரு. எனக்குத்தான் போவ நேரமே வாய்க்கல. எப்படி கீது அது?”

“நல்லாருக்கு.”

“குட்டிங்க?”

ஏரிக்கரையில் புதைத்த இரண்டையும் இவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் அதைச் சொன்னால், நீதானே முடியாதுன்ன என்று அவன் கேட்பான். அவன் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி அங்கேதான் நிற்கும்.

“எல்லாம் நல்லாருக்கு” என்றாள்.

“அப்பாடா. மனசுல அது ஒண்ணு ஒறுத்திக்கினே இருந்துச்சு” என்றான். நிஜமாகவே பாரம் இறங்கியவனைப்போல மூச்சு விட்டான். யாரோ போனில் அழைக்க, சிரித்துப் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, அவனுக்கு அந்த நிம்மதியைக் கொடுத்துவிட்டோமே என்று இருந்தது. வக்கீல் வந்து, “எல்லாம் முடிஞ்சுதும்மா, நீங்க கெளம்பலாம்” என்றார். அவள் தலையாட்டிவிட்டு, எந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு என்று தெரிந்திருந்தும், அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.