ஒன்பதோடு நின்ற கை

அறுத்தெடுத்த இரைப்பை எங்கள் ஆய்வகத்துக்கு மூடி போட்ட வெள்ளை வாளியில் வரும், ஃபார்மலினில் மூழ்கியபடி. வாளியின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். இரைப்பையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பைப் பிசைந்து, அதற்குள் ஒளிந்திருக்கும் நிணநீர் முடிச்சுகளைப் பொறுக்குவது என் வேலை. சில அவரைக்கொட்டை அளவு, சில கடுகளவு. கண்ணை ஏமாற்றிவிடும், விரலுக்குத்தான் தட்டுப்படும்.

இந்தப் பொறுக்கலில் ஒருவருடைய ஆயுள் கணக்கே இருக்கிறது. புற்று இரைப்பைச் சுவரில் எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது, எத்தனை முடிச்சுகளைப் பிடித்திருக்கிறது, தூரத்து உறுப்புக்குத் தாவியிருக்கிறதா என்று பார்த்துத்தான் இன்ன கட்டம் என்கிறோம். இதே கட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் ஐந்து வருடம் தாண்டினார்கள் என்று தெரிந்தால், இவருடைய வாய்ப்பையும் ஓரளவு சொல்லலாம். ஆனால் பதினாறு முடிச்சுகளாவது பார்த்திருக்க வேண்டும். ஒன்பதைப் பார்த்து ஒன்பதும் சுத்தம் என்றால், நோய் பரவவில்லை என்று இருக்கலாம். நாம் சரியாகத் தேடவில்லை என்றும் இருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒரு வாளியில் நான் ஒன்பதோடு நிறுத்தினேன். கொழுப்பு கெட்டியாக இருந்தது, விரல் மரத்துவிட்டது, வரிசையில் இன்னும் நான்கு வாளிகள். "கிடைத்தவை ஒன்பது" என்று எழுதிவிட்டேன்.

அந்த வாரம் வந்த மூன்று இரைப்பைகளில் ஒன்று என் அண்ணனுடையது. எது என்று தெரிந்தால் வேலை ஓடாது என்று பெயர்ப் பட்டியலை நான் திறக்கவே இல்லை.

புதன்கிழமை மேல்மாடி வார்டுக்குப் போனேன். அண்ணி துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் வந்துட்டுப் போனார். முதல் கட்டம்தானாம், கீமோகூட வேணாமாம். நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம். வயித்தையே எடுத்தாச்சு, உங்க அண்ணனுக்கு வயித்தெரிச்சல் மட்டும் போகல."

"எரிச்சல் இல்ல," என்றார் அண்ணன். "யாரோ உள்ள கைய விட்டுத் துழாவினாங்க."

"எதுக்குள்ள? அங்கதான் ஒண்ணும் இல்லையே?" என்றேன்.

"அதான் எனக்கும் புரியல. வெள்ளிக்கிழமை காலைல. பிசைஞ்சு பிசைஞ்சு ஒவ்வொண்ணா கிள்ளி எடுத்தாங்க. முப்பது வருஷம் கண்டக்டரா தலை எண்ணினவன், சும்மா இருப்பேனா? ஒம்போது. அதோட நிறுத்திட்டாங்க. ஏய் எறும்பு, பாதியில ஏன் நிறுத்தினாங்க?"

சின்ன வயதில் நான் எதையாவது துருவிக்கொண்டே இருப்பேன் என்று அவர் வைத்த பெயர் அது.

"மயக்க மருந்து இன்னும் தெளியல," என்று அண்ணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது என்பதை நான் எழுதித்தான் வைத்திருந்தேன். பாதியில் நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை.

கீழே ஓடி வந்து பட்டியலைத் திறந்தேன். அண்ணன் பெயருக்கு நேரே அதே வாளியின் எண். வாளி இன்னும் அலமாரியில் இருந்தது, மறுநாள் அப்புறப்படுத்திவிடுவார்கள். திறந்து தேடினால் அண்ணியின் சிரிப்பு போய்விடலாம். திறக்காவிட்டால் அண்ணன் மருந்தில்லாமல் வீட்டுக்குப் போவார், மிச்சம் இருப்பது உள்ளேயே வளரும்.

எங்கள் ஆய்வக டாக்டரிடம் போய் நின்றேன். "ஒன்பதோட நிறுத்திட்டேன் மேடம். அது என் அண்ணன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "திட்டுறத அப்புறம் வச்சுக்கிறேன். கையுறை மாட்டு. நான் பக்கத்துல உக்காந்து எண்ணுறேன். ஸ்லைடை நான்தான் பார்ப்பேன்."

ஒன்றரை மணி நேரத்தில் எட்டு கிடைத்தன. நான் ஒவ்வொன்றையும் மெதுவாகத்தான் எடுத்தேன்.

மேலே போனபோது அண்ணன் கட்டில் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"பதினேழு," என்றார், நான் வாய் திறக்கும் முன்பே. "இப்பதான் நிம்மதியா இருக்கு. ஆனா கடைசி எட்டுல நாலு பேர் டிக்கெட் எடுக்காம ஒளிஞ்சிருந்தாங்க."

முடிச்சுகளைச் சீவி, சாயமேற்றி, ஸ்லைடாக்க இரண்டு நாள் ஆகும். அதுவரை அண்ணனை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று டாக்டர் வார்டுக்குச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். "நாலு."

நான்கு முடிச்சில் புற்று என்றால் முதல் கட்டம் இரண்டாம் கட்டமாகிவிடும். நூற்றுக்கு இத்தனை என்ற எண்ணும் கீழே இறங்கும். அண்ணனுக்கு அதை உட்கார்ந்து விளக்கினேன். நோய் ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை, முன்பே இருந்ததை இப்போதுதான் பார்க்கிறோம், பார்த்ததால்தான் கீமோ தர முடிகிறது என்றேன். அண்ணி பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"அந்த நூறு பேருல நான் எந்தப் பக்கம்?"

"அது எந்த வாளியிலயும் இல்லண்ணா."

"சரி விடு. ஏறியாச்சு, போய்ப் பார்ப்போம்."

நான்காவது கீமோ போன வாரம் முடிந்து அண்ணன் வீட்டில் இருக்கிறார். இப்போதெல்லாம் கொழுப்பு தீரும்வரை நான் நிறுத்துவதில்லை. நேற்று ஒரு வாளியில் இருபத்திரண்டு கிடைத்தன. போதும் என்று மூடியைக் கையில் எடுத்தேன். தலைக்கு மேலே, வார்டில், கட்டில் கம்பியை யாரோ விரலால் தட்டினார்கள். ஒரு தட்டுதான்.

கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டேன்.