ஆலேன் முசேவின் ரொதாஜ்

ஆலேன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குத் திரும்பியவர்; தெருவுக்கு அவர் 'முசே', பிரெஞ்சில் ஐயா. பட்டாளத்தில் கற்றுக்கொண்டவற்றில் அவர் இன்னும் மறக்காதது ஒன்றுதான்: ரொதாஜ். புது வண்டியை விரட்டக் கூடாது, கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டி இன்ஜினைப் பழக்க வேண்டும் என்பதற்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். வண்டியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆலேன் புது மிக்ஸிக்கும் ரொதாஜ் பார்த்தார். புது செருப்பை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தார். "கல்யாணமாயி இத்தினி வருஷத்துல என்னைய ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. எனக்கு இன்னும் ரொதாஜ் முடியலபோல," என்பாள் மனைவி ஜிஸ்லேன்.

அப்படிப்பட்டவர் 2006-இல் தன் காருக்கு சப்வூஃபர் வாங்கினால் சும்மா விடுவாரா? டிக்கியை அடைத்துக்கொண்டு உட்காரும் பெரிய பெட்டி அது; தவில் அடித்தால் நெஞ்சில் வந்து இடிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆலேன் பிரௌசிங் சென்டருக்குப் போய்த் தேடிப் பார்த்தார். புது சப்வூஃபரை சில வாரம் குறைந்த சத்தத்தில் பழக்க வேண்டும் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். அதெல்லாம் வெட்டிப்பேச்சு என்று மீதிப் பேர். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு எழுந்து வந்தார். கடைக்காரர் போட்ட ஒயரிங்கும் அவருக்குத் திருப்தியில்லை. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவருக்கு ஒயர் தெரியாதா? எல்லாவற்றையும் பிரித்து, தன் கையாலேயே மறுபடி மாட்டினார்.

எதிர்வீட்டு இராமதாஸ்தான் இதற்குக் குறுக்கே நின்றார். மில்லை மூடுகிற வரைக்கும் தறி ஓட்டிவிட்டு, இப்போது ஆட்டோவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். சாயங்காலத்தில் இரண்டு பேரும் காரில் கருவடிக்குப்பம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய் வருவது வழக்கம்.

"அட்டையும் பசையும் வெச்சி செஞ்சது. அது என்னா முசே, ஊறுகாயா, ஊறுறதுக்கு?" என்றார் இராமதாஸ்.

"நீ கேளுப்பா. முந்தாநேத்துக்கு இப்ப தவிலு எவ்ளோ எறங்கி வந்துருக்கு பாரு."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"உனக்கு எப்டி தெரியும்? தறிச் சத்தத்துலயே நின்ன காது அது."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இராமதாஸ் பதில் பேசாமல் போனதும் ஆலேனுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போனது. வாதம் சூடுபிடிக்கும் போதெல்லாம் அதையே எடுத்து வீசினார். இராமதாஸ் முதலில் முறைத்தார். பிறகு தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தார். பிறகு, "ஆமா முசே, நல்லாத்தான் இருக்கு," என்று சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் காரில் வருவதையே நிறுத்திவிட்டார். தோற்றவனுக்கு வெட்கம் இருக்கத்தானே செய்யும் என்று ஆலேன் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

ரொதாஜ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்து சத்தத்தை முழுசாகத் திருகினார். கதவில் இருந்த சின்ன ஸ்பீக்கர்கள்தான் கத்தின. டிக்கி வாயைத் திறக்கவில்லை. பெட்டியை நகர்த்தி, அடியில் கிடந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். சப்வூஃபருக்கு உயிர் கொடுக்க வேண்டிய நீல ஒயர் எதிலும் மாட்டாமல் சுகமாகப் படுத்திருந்தது. அவர் தன் கையால் வேலை பார்த்த நாளிலிருந்தே அப்படித்தான். அந்தப் பெட்டி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு முனகல்கூட முனகியதில்லை. அது நாளுக்கு நாள் பழகி வந்ததைக் கேட்ட மகானுபாவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

மனுஷன் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பட்டார், ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷமே வேறு யோசனை வந்தது. இப்போது ஒயரை மாட்டினால் சத்தம் தலைகீழாக மாறிவிடும். ரொதாஜின் மகிமைக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? நியாயமாகப் பார்த்தால் ரொதாஜே இனிமேல்தான் தொடங்க வேண்டும். அது அவர் நினைவுக்கே வரவில்லை. ஒயரை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தார். தான் இவ்வளவு வெட்கங்கெட்டவன் என்பது அவருக்கே புதுசாக இருந்தது.

இராமதாஸின் மனைவி வீராயி வாசலில் நின்றிருந்தாள். "வாங்க முசே. நாளைலேர்ந்து ஆட்டோவ பக்கத்துத் தெரு கொளஞ்சிகிட்ட உட்டுடப் போறாராம். நீங்களாவது கேளுங்க."

"ஏன், என்னாச்சி?"

"காது போயிடுச்சாம். உங்களுக்குக் கேக்கறது அவருக்குக் கேக்கலியாம். லாரிக்காரன் ஆரன் அடிச்சி, இவுரு காதுல உழாம பூட்டா, பின்னாடி ஒக்காந்துருக்கற புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றதுன்னு சோறுகூட சரியா துன்றதில்ல."

அப்போதும் ஆலேனுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சத்தம் காதில் விழுந்தால் இராமதாஸுக்குப் பயம் போய்விடும், தன் மானமும் பிழைத்துவிடும் என்று நினைத்தார். இராமதாஸைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, காரில் உட்காரவைத்து, சிடியைப் போட்டார். தவில் இடித்தது. கார் கண்ணாடி அதிர்ந்தது.

இராமதாஸின் முகம் இன்னும் வாடியது. "கேக்குது முசே. பாத்தீங்களா, கண்ணாடியே ஆடற அளவுக்கு வெச்சாத்தான் எனக்குக் கேக்குது."

ஆலேன் சிடியை நிறுத்தினார். "இராமதாசு, ஒயரே மாட்டல."

"என்னாது?"

"இன்னிக்கிதான் மாட்டினேன். இத்தினி நாளா அந்தப் பொட்டி செத்துக் கெடந்துது. உன் காது நல்லாத்தான் இருக்கு. கேக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

இராமதாஸ் அவரையே பார்த்தார். "அப்ப நீங்க தெனமும் கேட்டது என்னா?"

"நான் பேசனதத்தான் கேட்டுகினு இருந்தேன்போல."

ஓங்கி ஓர் அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆலேன் காத்திருந்தார்.

"திரும்பப் போடுங்க," என்றார் இராமதாஸ்.

போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த இராமதாஸ் இரண்டு காதுகளையும் கையால் பொத்தினார்.

"கொறைச்சி வைங்க முசே. காது வலிக்குது."

சொல்லிவிட்டு, கண் கலங்க, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எதிர்வீட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "வீராயி, எனக்குக் காது வலிக்குதுடி."