வெள்ளை அட்டைக் கசற்

டெட் ஃபெரி என்ற பெயரைத் தண்ணீரூற்றில் யாரிடம் சொன்னாலும் ஏதோ புது விதைநெல் என்றுதான் நினைப்பார்கள். அது கிற்றாரும் கூச்சலுமாகப் பாடும் வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்றின் பெயர் என்று அந்த ஊரில் அறிந்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும்தான் ஒருவரை ஒருவர் கொல்லப் பார்த்தார்கள்.

ஒருவன் மஸாஹிர். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன சிறுவன். புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, சமாதானம் வந்த மறுவருடம் இளந்தாரியாகத் திரும்பி வந்திருந்தான். கூரை போன வீட்டுக்குத் தகரம் அடித்து, முன்னறையில் அவனும் உம்மா ஹாலிதாவும் புடவைக்கடை போட்டார்கள்.

மற்றவன் அஜந்தன். உழவு மெசின் ஓட்டுகிறவன். அவனுடைய அண்ணன் இயக்கத்தில் சேர்ந்து சண்டையில் போனவர் என்பதால் அந்த வீட்டை ஊரில் மாவீரர் வீடு என்பார்கள். மஸாஹிரின் கறுப்புப் பெனியனில் மண்டையோடுகள் ஏறிய தோணியைக் கண்டு, நடுரோட்டில் மெசினை நிறுத்திவிட்டு அவன் குதித்து வந்ததில் தொடங்கியது சிநேகம்.

"டேய், இது டெட் ஃபெரியல்லோ?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியாமல் உனக்கோ தெரியும்?"

பிறகென்ன, இரண்டு விசரரும் ஒட்டிக்கொண்டார்கள். மஸாஹிரின் பழைய கசற்றுகளை, ஷைத்தானுடைய பாட்டு என்று உம்மா புத்தளத்திலேயே 'மறந்து' விட்டுவிட்டு வந்திருந்தார். அஜந்தனிடம் இருந்த ஒரே கசற், நோர்வே மாமா அண்ணனுக்கு அனுப்பியது. அண்ணன் செத்த நாளிலிருந்து அது அவருடைய படத்துக்குப் பின்னால், பொலித்தீன் பையில், யாரும் தொடாமல் கிடந்தது. ஆகவே இருவரும் வாயால்தான் பாடினார்கள். அஜந்தன் பாடினால் பிரேதம் தூக்கிப் போவது போலிருக்கும். மஸாஹிர் பாடினால், "ஏன்ரா, பஸ் போகப்போகுதோ?" என்று அஜந்தன் நக்கலடிப்பான். மற்றவனுக்குத்தான் குரல் சரியில்லை என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டார்கள்.

ஹாலிதாவுக்கு இந்தக் கூட்டுப் பிடிக்கவில்லை. பாட்டுக்காக மட்டுமல்ல. "ஆரோடயும் கொழுவாத மகன். அடிச்சாலும் வாங்கிக்கொண்டு வா. இன்னொருக்கா மூட்டை கட்ட எனக்கு ஏலாது," என்பார். மஸாஹிரும் அப்படித்தான் இருந்தான். வேலியை யாராவது தள்ளிப் போட்டாலும் ஓம், கடைக்கு முன்னால் மெசினை நிறுத்தினாலும் ஓம், எல்லாவற்றுக்கும் ஓம். அப்படித் தலையாட்டித் தலையாட்டி அவனுக்குக் கழுத்தே வலித்தது.

அப்போதுதான் புத்தளத்திலிருந்து புடவை லொறியில் மச்சான் சிறாஜ் ஒரு கசற் அனுப்பினான். டெட் ஃபெரியின் புதுசு. மண்டையோடும் இல்லை, தோணியும் இல்லை. வெறும் வெள்ளை அட்டை, மூலையில் சின்னதாக 'மில்க்' என்று பெயர். லொறிக்காரரிடம் சிறாஜ் வாய்ச்செய்தியும் சொல்லி விட்டிருந்தான். தன்னுடையதை உப்பளத்துக்குள் எறிந்துவிட்டானாம். கூட்டாளி ஒருவன் இழவு விழுந்த மாதிரி நீட்டு மயிரை வெட்டிக்கொண்டானாம். நல்லது, கூடாது என்று இரண்டு பேர் தேத்தண்ணிக் கடையில் அடிபட்டு ஒருவனுக்குத் தலையில் தையலாம். கேட்டுவிட்டு எரித்துவிடச் சொன்னான்.

மத்தியானம் கடையில் ஆளில்லை. மஸாஹிர் ஜெனரேற்றரை இழுத்துவிட்டு, பாட்டுச் செற்றில் கசற்றைப் போட்டான். போட்டவனுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. காட்டுத் தீயாய் ஓடின கூட்டம் நத்தையாய் ஊர்ந்துகொண்டிருந்தது. கத்திக் கிழித்த பாடகன் அடித்தொண்டையில் முனகினான். முகாமில், நுளம்புக்கும் பசிக்கும் நடுவில், இந்தக் கூட்டத்தின் பழைய வேகப் பாட்டுகள்தான் அவனை ஓட வைத்தவை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அஜந்தன் வந்தான். வாசலிலேயே நின்றான். அவன் கண்கள் கலங்கிச் சிவந்தன.

"மச்சான், இதுதானடா. இதுதான் டெட் ஃபெரி."

"உனக்கென்ன விசரோ? செத்தவீடு மாதிரிக் கிடக்கு."

"அண்ணன் போடேக்கை இப்பிடித்தான் இருக்கும். இதே குரல். இதே இழுவை."

"அப்ப அண்ணன் வேற ஆரின்ரயோ பாட்டைத்தான் போட்டிருக்கிறார். உலகத்திலேயே வேகமான கூட்டம் அவங்கள்."

அஜந்தன் வீட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் அந்தப் பொலித்தீன் பை இருந்தது. அண்ணனுடைய கசற்றைத் தன் கையாலேயே செற்றில் போட்டு, பொத்தானை அமத்தினான்.

பாட்டு பாய்ந்து வந்தது. வால் நசிபட்ட பூனை போலப் பாடகன் கீச்சிட்டான். மஸாஹிர் அறிந்த, உயிராய் நேசித்த டெட் ஃபெரி அது. அவன் தலையாட்டத் தொடங்கிவிட்டான். அஜந்தனின் முகம் வெளிறிப் போயிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

"என்ன செய்தனி?"

"நான் என்ன செய்தனான்?"

"இது அண்ணன்ர பாட்டில்லை. செற்றில என்னவோ செய்து வைச்சிருக்கிறாய்."

மஸாஹிர் யோசித்தான். "அந்த நாளையில எதில போட்டுக் கேட்டனீங்கள்?"

"எதில போடுறது? பற்றரியே இல்லை. சைக்கிளைக் கவிட்டுப்போட்டு, அண்ணன் கையால பெடலைச் சுத்துவார். டைனமோவிலயிருந்து செற்றுக்கு வயர்."

மஸாஹிர் சிரித்துவிட்டான். சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியே அப்படித்தான் பாட்டுக் கேட்டது. ரயரும் கிடைக்காத காலம். டைனமோ உரசினால் ரயர் தேய்ந்துவிடும் என்று எல்லோரும் பூப்போலச் சுற்றுவார்கள். சுற்று குறைந்தால் மின்சாரம் குறையும், மின்சாரம் குறைந்தால் நாடா ஊர்ந்து போகும், கீச்சுக் குரலும் தடித்துப் போகும். சினிமாப் பாட்டென்றால் தெரிந்திருக்கும், வானொலியில் சரியானதைக் கேட்டிருப்பார்கள். டெட் ஃபெரியை எந்த வானொலி போட்டது?

"உன்ர அண்ணன் ரயர் தேயுமெண்டு மெதுவாச் சுத்தியிருக்கிறாரடா!" மஸாஹிருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீ ஒருநாளும் டெட் ஃபெரியைக் கேட்கவேயில்லை!"

புடவை அளக்கும் இரும்புக்கோல் மேசையில் கிடந்தது. அஜந்தன் அதை எடுத்ததை அவன் காணவில்லை. இடது காதில் விழுந்த அடியில் சத்தமெல்லாம் நின்று ஒரே கூவலாகக் கேட்டது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதைத் தடுத்த கையில் எலும்பு நொறுங்கியது. சீத்தைத் துணிக் கட்டுகள் சரிந்து விழ, அவற்றின் மேல் அவனும் விழுந்தான். அஜந்தன் முதுகில் முழங்காலை ஊன்றி, தலைமயிரைப் பிடித்து, முகத்தைச் சீமெந்துத் தரையில் மோதினான்.

"சொல்லு! நீதான் பழுதாக்கினனி எண்டு சொல்லு!"

மீண்டும் மோதினான். மஸாஹிரின் வாய்க்குள் பல்லொன்று கழன்று உருண்டது. குசினியிலிருந்து ஓடிவந்த ஹாலிதா வீரிட்டார்.

"ஓம் எண்டு சொல்லன் மகன்! சொல்லன்! தம்பி, விடுங்கோ தம்பி, அவன் அறியாமச் செய்துபோட்டான்!"

சொல்லியிருக்கலாம். ஒரு ஓமில் முடிந்திருக்கும். ஆனால் உம்மா குனிந்து அஜந்தனின் காலைப் பிடிக்கப் போனதை மஸாஹிர் தரையிலிருந்து பார்த்தான். அத்தனை நாளும் தலையாட்டி வந்தது அவனுக்குள் அறுந்தது.

"மெதுவாத்தான் சுத்தினவர்!" என்று இரத்தத்தோடு துப்பினான். அஜந்தன் ஓங்கிய இடைவெளியில் புரண்டு, நல்ல கைக்கு எட்டிய செற்றை வயரோடு பிடுங்கி அவன் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், மிகவும் இனித்தது. மறுபடியும் அடித்தான். செற் இரண்டாய்ப் பிளந்து, அண்ணனின் நாடா குடல் போல வெளியே வந்தது. அதைக் கண்ட அஜந்தன் மாடு கதறுவதுபோல் கதறி அவன் கழுத்தைப் பிடித்தான். இருவரும் படியால் உருண்டு ரோட்டில் விழுந்தார்கள். ஒருவன் கடித்தான், மற்றவன் கல்லெடுத்தான். சனம் ஓடிவந்து பிரித்தபோது இருவரையும் முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை.

"வந்து ஒரு வருசமாகேல்லை, மாவீரர் வீட்டுப் பொடியனில கை வைச்சிட்டாங்கள்," என்று கூட்டத்தில் யாரோ சொன்னது மஸாஹிருக்கு நல்ல காதில் விழுந்தது. ஹாலிதாவுக்கும் விழுந்தது. அவர் உள்ளே போய் மூட்டை கட்டத் தொடங்கினார்.

மறுநாள் காலை வாசிகசாலையில் விசாரணை. ஊர்ப் பெரியவர்கள் நடுவில், முல்லைத்தீவிலிருந்து இயக்கம் விசாரிக்க அனுப்பிய ஒருவரும் இருந்தார். ஹாலிதா மகனை முந்திக்கொண்டு, "நாங்க போயிடுறம் ஐயா, பிள்ளையை ஒண்டும் செய்யாதீங்கோ," என்றார். விசாரிக்க வந்தவர் கையமர்த்திவிட்டு அஜந்தனைக் கேட்டார்.

"ஆர் முதல்ல கை வைச்சது?"

மூக்கு நிறையப் பஞ்சோடு அஜந்தன் எழுந்தான். அவன் ஒரு சொல் சொன்னால் போதும். முகாம், குழாயடி வரிசை, கிடுகுக் கொட்டில் எல்லாம் மஸாஹிரின் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"ஒருத்தரும் அடிக்கேல்லை. சைக்கிளால விழுந்தனான்."

"அப்ப இவன்ர கை?"

"இவனை நான்தான் சைக்கிள் பாரில ஏத்திக்கொண்டு போனனான்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ செருமினார். விழுந்தவனே விழுந்தேன் என்றால் விசாரிக்க என்ன இருக்கிறது? எல்லோரும் எழுந்தார்கள்.

வெளியே, வேப்பமரத்தடியில், அஜந்தன் மஸாஹிரின் வழியை மறித்தான். பின்னால் ஹாலிதா வந்துகொண்டிருந்தார்.

"அந்த வெள்ளைக் கசற். இப்பவும் குப்பை எண்டுதான் சொல்லுறியோ?"

மஸாஹிர் நல்ல காதைத் திருப்பிக் கேட்டான். உம்மாவின் கண்கள் அவனைக் கெஞ்சின. நல்ல கசற் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்?

"ஓம். குப்பை."

அஜந்தனின் முட்டி வாயில் விழுந்தது. மஸாஹிர் மல்லாக்க விழுந்தான். "விசரன்! அரைவாசியைக் கேட்டுப்போட்டுக் கதைக்கிறான்! நாளைக்கு அதைக் கொண்டு எங்கட வீட்டை வா, மற்றப் பக்கத்தையும் கேட்டுப்போட்டுச் சொல்லு, அப்ப பாப்பம்!" என்று மூக்கால் கத்திவிட்டு அஜந்தன் மெசினில் ஏறினான்.

மண்ணில் கிடந்தபடியே மஸாஹிருக்குச் சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது. ஊரைவிட்டு அனுப்பப்போகிறவனை யாரும் நாளைக்கு வா என்று கூப்பிடுவதில்லை. அவனோடு இப்படி மல்லுக்கு நிற்பதும் இல்லை. ஹாலிதா ஓடிவந்து அவன் தலையை மடியில் எடுத்து, இரத்தத்தை முக்காட்டால் ஒற்றினார்.

"உம்மா," என்றான் அவன், பல் போன வாயால். "மூட்டையை அவிழுங்கோ."