கண்ணுக்குச் சாட்சி

தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சர்வேயர் என்றுதான் சொல்வார்கள். நிலம் அளக்கிற உத்தியோகம் ஒன்றும் அவருக்குக் கிடையாது. விற்பது மூக்குக் கண்ணாடி. ஆனால் வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து சபைக்கும் தரையைப் பார்த்தபடியேதான் நடப்பார். "இந்தத் தெருவுல எந்தக் கல்லு பேந்திருக்குன்னு கேளுங்க, டக்குனு சொல்லுவாரு. யாரு குடியிருக்காங்கன்னு கேட்டா முழிப்பாரு" என்பார் எதிர்க்கடைச் சாவிக்காரர்.

முகத்தைப் பார்க்காமல் கண்ணாடி விற்கிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பெண்கள் வந்தால் மனைவிதான் முன்னால் வந்து அளவெடுப்பாள். இவர் பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் சொல்கிற அளவுக்கு வில்லையைத் தேய்த்துப் பொருத்துவார். மத்தியானம் மனைவி சமைக்க வீட்டுக்குப் போன நேரத்தில் எந்தப் பெண்ணாவது வந்துவிட்டால், "உக்காருங்க, இப்ப வந்துருவாங்க" என்று மேசையிடம் சொல்வார்.

வேஷம் என்று சொல்லிவிட முடியாது. வாலிப வயசில் அவர் கண் கொஞ்சம் அலைந்த கண். அதற்காகத் தன்மேலேயே அருவருப்புப் பட்டு, அழுது ஜெபம் பண்ணின ஆள். கண் வழியாக உள்ளே வருவது மனசுக்குள் குடித்தனம் நடத்தும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் எங்கே புகுந்தது என்றால், எதைப் பார்க்கக் கூடாது என்று யோசித்த மனுஷன், எதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

சபையில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆண்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. கண்காவல் என்று பேர். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, எல்லோரும் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். போதகர் ஒவ்வொருவராகக் கேட்பார்: "கண்ணைக் காத்தீங்களா?" "காத்தேன்" என்றால், பக்கத்தில் இருக்கிற ஜோடிக்காரர் "இவர் கண்ணுக்கு நான் சாட்சி" என்று சொல்ல வேண்டும். ஜோடிக்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் சந்தித்து மனசு விட்டுப் பேசியிருக்க வேண்டும் என்பது ஒழுங்கு.

சர்வேயருக்கு ஜோடி அவருடைய சகலை. சகலையானது பிறகு, முதலில் ஜோடிதான். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை, கட்டுமஸ்தான உடம்பு, கேட்டாலொழிய வாய் திறக்காத சுபாவம். மனைவியின் தங்கைக்கு மாப்பிள்ளை தேடினபோது மாமனாரிடம் போய் நின்றவர் சர்வேயர்தான். "மாமா, நம்ம கண்காவல்ல ஒரு தம்பி இருக்கு. இத்தனை வருஷத்துல நிமிர்ந்து ஒரு பொண்ணைப் பாத்ததில்ல. அந்தக் கண்ணுக்கு நான் சாட்சி." பெண் பார்க்க வந்த இடத்திலும் அவன் தரையைத்தான் பார்த்தான் என்று மாமனாருக்கு ஏகப் பெருமை.

மனைவி மட்டும் அடுப்படியில் முணுமுணுத்தாள். "பாக்காதவன் எல்லாம் நல்லவனா? செருப்புகூடத்தான் யாரையும் நிமிர்ந்து பாக்கிறதில்ல."

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை" என்று அவர் வாயை அடைத்தார். கல்யாணம் நடந்தது.

கல்யாணமான மறுவருஷம் ஒரு மத்தியானம், மனைவி வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கடை வாசலில் "அத்தான்" என்று குரல் கேட்டது. கொழுந்தியாள் குரல். மேசைமேல் ஒரு கண்ணாடி வந்து உட்கார்ந்தது.

"கீழே விழுந்துடுச்சு அத்தான்."

"வச்சிட்டு உக்காரும்மா."

கையில் எடுத்தார். மெல்லிய கம்பிச் சட்டம், அவரே செய்து கொடுத்தது. கீழே விழுகிற கண்ணாடி எங்கே அடிபடும் என்று அவருக்குத் தெரியாதா? ஓரம் சிராய்க்கும், கால் மடங்குகிற இடத்தில் திருகு கழன்று ஓடும். இதில் ஓரம் புதுசு மாதிரி இருந்தது. மூக்கில் உட்காரும் திண்டுகள் இரண்டும் பின்பக்கமாக அமுங்கிப் போயிருந்தன. முகத்தில் இருக்கும்போதே முன்னாலிருந்து வந்து மோதினால்தான் அப்படி ஆகும். கதவில் இடித்திருப்பாள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, நிமிர்த்திக் கொடுத்தனுப்பினார்.

சில மாதம் கழித்து மறுபடியும் அதே மத்தியானம், அதே குரல், அதே கண்ணாடி. இந்தத் தடவை இடது வில்லை விரிசல். சட்டம் இடது பக்கம் உள்நோக்கி வளைந்திருந்தது. கதவு இப்படிப் பக்கவாட்டில் வந்து இடிக்காது. இடுக்கியை எடுத்த கை அப்படியே நின்றது. விரல் சொன்னது அவருக்குப் புரியாமல் இல்லை.

"கீழேதானே விழுந்துச்சு?" என்றார், குனிந்தபடியே.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சின்னக் குரலில், "அத்தான், ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பாருங்க" என்றாள்.

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டார். தனிக்கடை, நடு மத்தியானம், சின்னப் பெண், அதுவும் கொழுந்தியாள். கண்காவலில் இத்தனை வருஷமாக எச்சரித்த காரியம் இதோ நேரில் வந்து நிற்கிறது என்று நினைத்தார். ஆமாம், அந்தப் பெண்ணைப் பற்றித்தான் அப்படி நினைத்தார். வளைந்த சட்டம் கையில் இருக்கும்போதே நினைத்தார். அவசர அவசரமாக முறுக்கி நேராக்கி, துடைக்கக்கூட இல்லாமல் மேசையில் தள்ளினார்.

"வில்லை மாத்த நாளாகும். இப்போதைக்கு இதைப் போட்டுக்கோ. போயிட்டு வாம்மா."

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். செருப்பு நுனி மட்டும் அவருக்குத் தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

மறுநாள் செவ்வாய். "கண்ணைக் காத்தீங்களா?" என்று போதகர் கேட்டபோது, வெறும் "காத்தேன்" அவருக்குப் போதவில்லை. மனசு பொங்கிக் கிடந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டே சாட்சி சொன்னார். "பாஸ்டர், எனக்கு இந்த வாரம் ஒரு சோதனை. கடையில தனியா இருந்தேன். கண்ணாடி ரிப்பேருக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. 'என்னை நிமிர்ந்து பாருங்க'ன்னு வாய்விட்டே கேட்டுச்சு. கர்த்தர் கிருபை, நான் நிமிரவே இல்லை."

"ஸ்தோத்திரம்!" என்றது வட்டம். யாரோ கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து சகலையின் குரல் வந்தது, நிதானமாக: "இவர் கண்ணுக்கு நான் சாட்சி."

திரும்பி வரும்போது சகலை கேட்டான். "எப்ப சகலை அது நடந்தது?"

"நேத்து மத்தியானம்."

"ஓ" என்றான் அவன். முனை வரை கூடவே நடந்து வந்துவிட்டு, வழக்கம்போல ஜெபித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பிரிந்தான்.

புதன்கிழமை காலையில் மாமனார் ஓடிவந்து கதவைத் தட்டினார். கொழுந்தியாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விரிசல் விட்ட அந்த இடது வில்லை கண்ணுக்குள்ளேயே நொறுங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று கொண்டுவந்து சேர்த்த சகலை, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டானாம். கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

வார்டில் மனைவி தங்கையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சர்வேயர் உள்ளே வந்தார். வந்து, நிமிர்ந்து பார்த்தார். கல்யாணத்தன்று அரைகுறையாகப் பார்த்த முகம். பாதிக்குமேல் கட்டு. மிச்சப் பாதியில் பழைய காயம் மஞ்சளாகவும் புதுக் காயம் கறுப்பாகவும் இருந்தது.

"ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்று மனைவி அழுதாள்.

"வேதத்துல கை வச்சு சத்தியம் வாங்கிட்டாருக்கா, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. சொல்லமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். காட்டமாட்டேன்னு பண்ணலை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வெளியில எங்கயும் விடமாட்டாரு. கண்ணாடி உடைஞ்சா மட்டும் அத்தான் கடைக்குப் போகச் சொல்லுவாரு. நீ வீட்டுக்குப் போற நேரமாப் பாத்து. அங்க போ, அந்த ஆளு நிமிர மாட்டாருன்னு சொல்லி அனுப்புவாரு. அத்தான் சொன்னா மட்டுந்தானே இவரு கேப்பாரு? அத்தானா பாத்து, அத்தானா கேட்டா, நான் சத்தியத்தை மீறினதா ஆகாதுல்ல..."

மனைவி மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை சாட்சியை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர்தான் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடும்னு நினைக்குமாம்" என்றாள். "உங்களை நான் என்னன்னு சொல்ல?"

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இனிமே நான் பாத்துக்கறேன். அவனை நான் சும்மா விடமாட்டேன்."

"கண்ணு கெட்ட பிறகு..." என்று ஆரம்பித்தவள், பழமொழியை முடிக்க முடியாமல், தங்கையின் கட்டைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் வந்தது. கொழுந்தியாளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து சேர்த்துவிட்டு அவர் கண்காவலுக்குப் போனார். போலீசுக்குப் போகலாம் என்று அவர் கெஞ்சியும், மானம் போய்விடும், சபையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மாமனார் மறித்திருந்தார். சகலையும் வந்திருந்தான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. அதே நாற்காலி. எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்.

"கண்ணைக் காத்தீங்களா, தம்பி?"

"காத்தேன் பாஸ்டர்."

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையிலேயே கண்ணைக் காத்திருந்தான். சாட்சிக்காக வட்டம் காத்திருந்தது. சர்வேயர் பொத்தின கையை எடுத்தார், எழுந்து நின்றார்.

"இவன் கையைக் கேளுங்க பாஸ்டர். கையைக் காத்தானான்னு கேளுங்க. என் கொழுந்தியாளுக்கு ஒரு கண்ணு போச்சு."

போதகர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனுஷன் இல்லை அவர், சண்டை என்றால் பயம். "பிரதர், விஷயம் கேள்விப்பட்டேன். விழுந்துட்டாங்கன்னு தம்பி சொல்லியிருக்கு. குடும்ப விஷயத்தைக் குடும்பத்துல பேசிக்கலாம். இது கண்ணைப் பத்தின கூட்டம்."

சர்வேயர் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் உள்ளங்கைக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவராவது கையை எடுப்பார் என்று நின்றார். ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் சகலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், கூட்டம் முடிந்தால் போதும் என்கிற குரலில் சொன்னார்: "இவர் கண்ணுக்கு நான் சாட்சி."

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் காலை, மனைவி தங்கையைக் கடைக்குக் கூட்டிவந்தாள். வலது கண்ணுக்குப் பவர் வில்லை, இடது பக்கம் கறுப்பு. மனைவி அளவுகோலை எடுக்கப் போனபோது அவர், "குடு, நானே எடுக்கறேன்" என்றார்.

தடுப்பை விட்டு வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அளவுகோலை அவள் மூக்குத்தண்டின்மேல் வைத்தார். கண்மணி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் வில்லையின் நடுவைக் குறிக்க முடியும். அதற்கு எதிரே இருப்பவர் நேராகப் பார்க்க வேண்டும்.

"என்னை நிமிர்ந்து பாரும்மா" என்றார்.

அவள் நிமிரவில்லை. மிச்சமிருந்த ஒற்றைக் கண் அவர் காலடியில் நிலைத்திருந்தது.

"ஒரே ஒரு தடவை" என்றார்.

"இருங்க அத்தான்" என்றாள் அவள், கோபம்கூட இல்லாமல். "தரையில அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."