ரஸ்ஸல் சுட்ட கோழி

என் புருஷன் ரஸ்ஸலுக்குக் கோழிப்பண்ணைதான் பிழைப்பு. பூட்ஸ் மாற்றாமல் கொட்டகைக்குள் கால் வைத்தால் கால்நடை மருத்துவரைக்கூட வெளுத்து வாங்கிவிடுவான். கோழிக் குடலில் குடியிருக்கும் கேம்பிலோபேக்டர் கிருமியைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவான். வீட்டுத் தோட்டத்தில் அடுப்பை மூட்டினால் அத்தனையும் மறந்துபோகும். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கூட்டாளிகளை அழைத்துக் கோழி சுட்டான். எங்கள் வைக்காட்டோ வட்டாரத்து ஆண்களிடம் ஒரு வழக்கம். இடுக்கி யார் கையில் இருக்கிறதோ அவன் வைத்ததே சட்டம். வேகவில்லை என்று சொல்வது அவனைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். நான் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் வேகட்டும்."

"கோழியப் பத்தி எனக்கே பாடமா?" என்றான். பச்சைக்கோழி ஊறிய மசாலாவையே வழித்து மேலே ஊற்றி, முதல் தொடையை ஹேமியின் தட்டில் வைத்தான். ஹேமி அவனுடைய பால்ய சிநேகிதன், ஆட்டு ரோமம் கத்தரிப்பவன். மார்ச்சில் தேசியப் போட்டி. போன வருஷம் மயிரிழையில் தவறிய கோப்பை. ஐம்பதை நெருங்கும் உடம்புக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரமே ஹேமிக்கு வயிற்றுப்போக்கு, இரத்தமும் கலந்து. "பீரக் குறைடா கிழவா," என்று ரஸ்ஸல் போனில் கிண்டலடித்தான். வயிறு தேறிய பிறகு கால் மரத்தது. அப்புறம் கை. படுத்தவன் எழவில்லை. மலத்தில் கேம்பிலோபேக்டர் இருந்ததாம். கிருமியோடு சண்டைக்குப் போன உடம்பு தன் நரம்புகளையே அடித்துவிட்டது என்றார் டாக்டர். "நடக்க ஆரம்பிச்சிடுவார். விரல்ல பழைய பலம் வருமான்னு சொல்ல முடியாது." எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் துண்டுகள் வருவதற்குள் நன்றாகக் கருகியிருந்தன.

ரஸ்ஸலுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. போட்டி நடந்த அன்று என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஹேமி மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழு ஆட்டைப் புரட்டிப்போடும் கை போர்வைமேல் கிடந்தது.

"நான் சுட்ட கோழிதான்டா. இவ அப்பவே சொன்னா, நான் கேக்கல," என்றான் ரஸ்ஸல்.

"தெரியும்டா," என்றான் ஹேமி. "முதல் கடியிலயே எலும்போரம் செவப்பா இருந்துச்சு."

"துப்பித் தொலைச்சிருக்கலாமேடா, பாவி."

"கோழிக்காரன் சுட்டதே வேகலன்னு அத்தன பேர் முன்னால எப்படிடா சொல்றது? வருஷம் பூரா ஒன்ன ஓட்டியே கொன்னுருப்பானுங்க. ஒம் மொகம் சுண்டிப்போயிடுமேன்னு முழுங்கிட்டேன்."

ரஸ்ஸல் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, அதன்மேல் குனிந்து அழுதான். இத்தனை வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. ஹேமி கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டான்.

"ஷோனா, இவன் என் கையப் பிடிச்சிருக்கானா?"