அப்பா எழுதாத எழுத்து

என் அண்ணன் அருள்பிரகாஷ் பதினோரு வருஷம் கழித்து எனக்குப் போன் பண்ணினான். அப்பா செத்ததைக்கூட ஜென்சி அண்ணிதான் கூப்பிட்டுச் சொன்னாள். இவன் வாயைத் திறக்கவில்லை. இப்போது மட்டும் குரலில் அப்படி ஒரு பாசம்.

"ஃபெமினா, அப்பாவோட வருஷ நினைவு வருதும்மா. கார்டு அடிக்கணும். நீ கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் செய்யுறியாமே, அப்பா கையெழுத்துலயே ஒரு ஃபாண்ட் செஞ்சு குடேன். வெரசா வேணும்."

நான் என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்து வைத்திருக்கிறானே, அதற்கே உருகிவிட்டேன். மானங்கெட்ட மனசு.

ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் பார்க்கிற பொன்னுவேலின் பெண்டாட்டி நான். மாடியறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்குத் தமிழ் எழுத்துருக்கள் வரைந்து கொடுப்பது என் சோலி. பொன்னுவேலைக் கட்டிக்கொண்ட அன்று, கொடைக்கானலில் சர்ச் உபதேசியாராக இருந்த என் அப்பா அடைக்கலம், "இனிமே எனக்கு ஒரு பிள்ளதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். என் வீட்டுக்காரர் விபூதி பூசுகிற ஆள், அதுதான் குற்றம்.

இந்த மனுஷனுக்கோ ரோஷமே கிடையாது. வருஷா வருஷம் முதல் பறிப்பில் நல்ல பழமாகப் பொறுக்கி, கூடை கட்டி, கொடைக்கானல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். மறுநாள் அதே பஸ்ஸில், கட்டின கயிறு அவிழாமல் கூடை திரும்பி வரும். "மாமாவுக்குக் கொய்யா ஒத்துக்கலையோ என்னமோ" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவை அடக்கம் பண்ணின அன்றும் சர்ச் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வந்தால் மாமாவுக்குப் பிடிக்காதாம். செத்தவருக்குப் பிடிக்காதாம்!

அண்ணன் அப்பாவின் நோட்டுகளைப் பார்சலில் அனுப்பினான். எல்லாம் நான் வீட்டைவிட்டு வந்தபிறகு எழுதினவை. பிரசங்கக் குறிப்புகள், யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற பட்டியல்கள். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, அவருடைய எழுத்தில் நல்லதாக ஒவ்வொன்று பொறுக்கி, கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, ஓரம் முழுக்கப் புள்ளி வைத்து வளைவு இழுத்தேன். அப்பா அழுத்தி எழுதுகிறவர். தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து விரலில் தட்டும். நான் வேலையை விட்டுவிட்டுச் சும்மா தடவிக்கொண்டிருந்த நாளும் உண்டு.

எல்லா எழுத்தும் கிடைத்தது. 'ஔ' கூட ஏதோ ஔடதத்தில் கிடைத்துவிட்டது. ஃ மட்டும் இல்லை. அப்பா ஃபோனையும் போன் என்றே எழுதுகிறவர். அந்த எழுத்தை அவர் ஒரே ஒரு பேருக்குத்தான் செலவழித்தார். அந்தப் பேரை ஜெபப் பட்டியலில் வரி வரியாகத் தேடினேன். பக்கத்து வீட்டுப் பசுவின் கால் வீக்கத்துக்குக்கூட ஜெபித்திருக்கிறார். நான் இல்லை.

எழுத்துருவில் ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அப்பாவின் முற்றுப்புள்ளி ஒன்றை எடுத்தேன். இடது பக்கம் கொஞ்சம் நசுங்கின புள்ளி. அதையே மூன்று தரம் ஒட்டி ஃ என்று ஆக்கினேன். அழுதுகொண்டேதான் செய்தேன், பொய் சொல்வானேன். முடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். கார்டும் அழகாக வந்தது.

நினைவு நாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். இவர் மடியில் கொய்யாக் கூடை. ஜென்சி அண்ணி வாங்கிக் கயிற்றை அவிழ்த்ததைப் பார்த்து இவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். சாப்பாடு முடிந்ததும் அண்ணன் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தான். அப்பா உயில் எழுதவில்லை. வீட்டை இடித்து ஹோம்ஸ்டே கட்டப்போகிறான். என் பங்கை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டிருந்தாலே போட்டுக் கொடுத்திருப்பேன்.

அவன் கேட்கவில்லை. அப்பாவின் பைபிளுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து இவர் கையில் கொடுத்தான்.

"அப்பா எழுதி வச்சது. நேத்துதான் கெடச்சுச்சு. நீங்களே படிங்க மாப்ள."

இவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'அன்பு மகள் ஃபெமினாவுக்கு. உன்னை மன்னித்துவிட்டேன். மாப்பிள்ளை அனுப்பிய கொய்யாவைத் திருப்பி அனுப்பியது என் பாவம். அவர் என் வீட்டுப் படி ஏற வேண்டும். வீட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடு. இது என் கடைசி ஆசை.'

மாப்பிள்ளை என்ற இடத்தில் இவர் குரல் உடைந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது ஆம்பளை, அண்ணி முன்னால் கேவிக் கேவி அழுதார். அப்பா, அப்பா என்று மனசுக்குள் கத்திக்கொண்டே தாளை வாங்கினேன்.

முதல் வரியில் ஃ. மூன்று புள்ளி, மூன்றும் இடது பக்கம் நசுங்கியிருந்தன. தாளைத் திருப்பித் தடவினேன். வழவழவென்று இருந்தது.

அண்ணனை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இந்த எழுத்து எங்கிருந்து வந்துச்சு?"

"என்ன ஒளர்ற?"

"அப்பா நோட்டுல இது இல்ல. நான் ஒட்டுனதுடா இது. அவரு எம் பேர எழுதவே இல்ல. பாவி, நான் போட்ட புள்ளிய வச்சே எனக்கு லெட்டர் எழுதிருக்க."

அவன் ஹால் பக்கம் கையைக் காட்டினான்.

"சரி, போயி மாப்பிள்ளட்ட சொல்லு. அந்தா ஒக்காந்து மொகத்தத் தொடைக்கிறாரு பாரு. நீ சொல்லிட்டன்னா பத்திரத்த நானே கிழிச்சுப் போடுறேன்."

பார்த்தேன். இவர் கடிதத்தை மடியில் வைத்து, அது கசங்கிவிடாமல் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"கடைசியிலயாச்சும் அப்பா ஒண்ணும் சொல்லலையா?" என்றேன். வெட்கம் கெட்டுப் போய்க் கேட்டேன்.

"போறதுக்கு முந்துன வாரம் ஒங்க கூடை வந்துச்சு. திருப்பி அனுப்பச் சொன்னாரு. வேறொண்ணும் சொல்லல."

ஹாலுக்கு வந்து பத்திரத்தை அண்ணன் பக்கம் தள்ளினேன்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"என்னம்மா இப்படிச் சொல்ற? மாமா எழுதிக் கேட்டுருக்காரே!" என்றார் இவர்.

"கேக்கட்டும். எனக்கு என் பங்கு வேணும்."

"பாத்தீங்களா மாப்ள, ஆசைய?" என்றான் அண்ணன். இவர் எழுந்து, "மன்னிச்சுக்கங்க மச்சான்" என்று அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் இவரிடமிருந்து அந்த மாப்பிள்ளை என்ற வார்த்தையையும் சேர்த்துத்தான் பிடுங்க வேண்டும். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன்.

பஸ் பெருமாள்மலை தாண்டியிருந்தது. இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "மாமா அவ்வளவு பெரிய மனசு பண்ணிருக்காரு. ஒனக்கு வீடு பெருசாப் போச்சு, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

கடிதத்தை லேமினேஷன் பண்ணி, மாடியறையில் என் கம்ப்யூட்டருக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறார். வெள்ளனே எழுந்து, குளித்து, விபூதி பூசி, அதை ஒரு தரம் படித்துவிட்டுத்தான் மண்டிக்குப் போகிறார். இந்த வருஷ முதல் பறிப்பில் இரண்டு பழத்தை அதன் கீழே வைத்தார். என்னிடம் தேவைக்கு மேல் பேச்சில்லை.

நேற்றுக் காலையில்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவராக வாயைத் திறந்தார். கடிதத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, முதல் வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

"ஒம் பேர எம்புட்டு ஆசையா எழுதிருக்காரு பாத்தியா?"

"ஆமாங்க" என்றேன்.